துப்பாக்கியை ஆள்வது எது?

மாவோவின் பாதை ஈழத் தமிழருக்குப் புதிதன்று. 1960களில் திரு. நா. சண்முகதாசன் இலங்கையில் அப்பாதைக்குத் தலைமை தாங்கினார். கோயில் வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நின்ற தீண்டாமையை எதிர்த்து அவர்தம் இயக்கத்தினர் நடத்திய போராட்டத்தை மறுப்பவர் நன்றி மறந்தவரே. 1984 இல் உலக மாவோ கட்சிகள் சில கூடிப் புரட்சிகர அனைத்துலக இயக்கத்தைக் கண்டன. அதில் அவர் கட்சியும் இருந்தது. பெரு நாட்டின் 'ஒளிரும் பாதை' என்னும் கட்சியும் இருந்தது. உழவனுக்காக ஏந்திய ஆயுதம் போதைப்பொருள் வாணிபத்தின் காவலாளாக மாறிய கதை, அந்த ஒளிரும் பாதையின் கதை.

அண்டை இந்தியாவின் சார்க்கண்ட் மாநிலத்திலும், களவாய் விளையும் அபினுக்கு மாவோ கெரில்லாக்கள் வரி தண்டினர் எனக் காவல்துறை கூறியதுண்டு. ஆயின் காவல்துறையின் கூற்று நீதிமன்றத்தின் தீர்ப்பாகாது. பெருவிலோ தீர்ப்பும் உண்டு. உண்மை ஆணைக்குழுவின் அறிக்கையும் உண்டு.

மெய்யியல் பேராசிரியர் அபிமாயேல் குஸ்மான் தலைமையில் அவ்வியக்கம் 1980 மே மாதத்தில் வாக்குப்பெட்டிகளைக் கொளுத்திப் போரைத் தொடங்கியது. யார் பெயரால்? ஏழைக் கெச்சுவா உழவர் பெயரால். மூன்றே ஆண்டுகளில், 1983 ஏப்ரலில், லுக்கனமார்க்காவில் தன்னை எதிர்த்த உழவர் குடும்பங்களில் குழந்தைகள் உட்பட 69 உயிர்களை வெட்டிச் சாய்த்தது. 2003 இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை, இரு தரப்பாலும் மாண்டோரையும் காணாமற் போனோரையும் ஏறத்தாழ 69,000 என மதிப்பிட்டது. பதிவான சாவுகளில் பாதிக்கு மேல் ஒளிரும் பாதையின் கையால் நேர்ந்தவை. மாண்டோருள் நால்வரில் மூவர் கெச்சுவா முதலான பழங்குடி மொழி பேசியோர். உழவனின் விடுதலைப் போர் உழவனையே தின்றது.

இந்தப் போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மேல் உவாயாகா பள்ளத்தாக்கில் கொக்கா இலை விளைகிறது. அவ்விலை அம்மக்கள் தொன்றுதொட்டு மெல்லுவது. அதைக் கொக்கேயினாக்கி விற்றவன் வேறொருவன். 1980களில் அமெரிக்க உதவியோடு அரசு அப்பயிரை அழிக்க முனைந்தது; மாற்றுப் பயிருக்குத் தக்க விலையும் வழியும் தரவில்லை. ஒருபுறம் அரசின் அழிப்பு, மறுபுறம் கடத்தற்காரனின் அடியாள். நடுவில் நின்ற உழவனிடம் கெரில்லா வந்தான். இலைக்கு நல்ல விலை வாங்கித் தந்தான். கூடவே இலைக்கும், சரக்கேற்றிப் பறந்த விமானத்துக்கும் வரி தண்டினான்.

ஆயுதம் கட்சிக்கு அடங்க வேண்டுமென்பது மாவோவின் கோட்பாடு. அக்கட்சியே பணப்பைக்கு அடங்கிவிட்டால்? 1992 செப்டம்பரில் குஸ்மான் பிடிபட்டார். கொள்கை சிறை சென்ற பின்னும் பள்ளத்தாக்குகளில் துப்பாக்கியும் வாணிபமும் எஞ்சின. உவாயாகாவின் கடைசித் தலைவர் ஆர்த்தேமியோ 2012 இல் பிடிபட்டார். 2013 இல் பயங்கரவாதம், போதைப்பொருட் கடத்தல், பணச்சலவை ஆகிய குற்றங்களுக்காக ஆயுட்சிறை பெற்றார். புரட்சியின் முகவரி அந்தக் குற்றப்பத்திரிகையில் முடிந்தது.

அரசின் கை மட்டும் தூயதா? 1989 இல் தளபதி ஆர்சினியேகா கொக்கா உழவரைத் துன்புறுத்துவதை நிறுத்தினார். மக்கள் கெரில்லாக்களை விட்டு விலகினர். சில மாதங்களில் அவர் மாற்றப்பட்டார். 1996 இலோ, அரசின் உளவுத்துறையை ஆட்டிவைத்த மொந்தேசீனோசுக்கு மாதந்தோறும் 50,000 டொலர் கொடுத்ததாகக் கடத்தற்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். நஞ்சுப் பணத்துக்குச் செங்கொடி தெரியாது, சீருடையும் தெரியாது.

வன்னிக்கு இதில் பாடம் யாது? 2009 இல் முள்ளிவாய்க்காலில் போர் ஓய்ந்தது. இங்கே கெரில்லா இல்லை, கொக்காவும் இல்லை. ஆயினும் தண்ணிமுறிப்பு நீரை நம்பி விதைப்பவன் காலபோக அறுவடை நாளில் தரகனின் விலைக்கே தலைகுனிகிறான். வேலையற்ற இளைஞன் வீதியில் நிற்கிறான். கேரளக் கஞ்சா வடகரையில் இறங்குகிறது. ஹெரோயினும் ஐசும் ஊருக்குள் வருகின்றன. மூட்டை சுமந்தவன் மறியலில். மூட்டைக்கு உடையவன் மாளிகையில். கைவிடப்பட்ட உழவன், எளிதாய் வரும் பணம், கேள்வி கேட்காத மக்கள்: இம்மூன்றும் கூடுமிடத்தில் உவாயாகா உருவாக மலை வேண்டுமா?

ஆதலின் முள்ளியவளை மக்களே, இரண்டு செய்வோம். அறுவடை நாளிலேயே நியாய விலைக்கு நெல்லை வாங்கு என்று அரசை நெருக்குவோம். விலைக்காக உழவன் எவன் காலிலும் விழலாகாது. அடுத்து, உங்கள் பெயரால் பேச வரும் எவரையும், எம்மையும் சேர்த்தே, பணம் எங்கிருந்து வந்ததெனக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் நன்கொடைக் கணக்கை ஒப்படைக்க வேண்டுமென்கிறது. சட்டம் ஏட்டில் உறங்கலாம், நாம் உறங்கலாகாது. கொள்கையைக் கேட்குமுன் கணக்கைக் கேட்போம். கணக்குக் காட்ட மறுப்பவன் ஏந்தி வருவது எந்தக் கொடியாயினும், அது நம் கொடியன்று!