காணாமற்போன ஹார்ட் டிஸ்க்



இம்மாதம் சுன்னாகத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் அவருடைய மகன், கொழும்பிலிருந்து பாகங்களைத் தருவித்து வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டியிருக்கிறார். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கையும் அதில் இணைத்தார். மர்ஹூமான வாப்பாவின் படங்களும் அவர் குர்ஆன் ஓதிய ஒலிப்பதிவுகளும் அந்த டிஸ்க்கில்தான் உள்ளன. வேறு பிரதி இல்லை. முதல் நாள் டிஸ்க்கின் பெயர் திரையில் தெரிந்தது. மறுநாள் புதிய எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி விண்டோஸை நிறுவியதும் பழைய டிஸ்க்கைக் காணவில்லை. "டிஸ்க் செத்துவிட்டது, எறிந்துவிடுங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். "கடைக்காரர் பழுதான மதர்போர்டைத் தலையில் கட்டிவிட்டார்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறார் சகோதரி.

இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம், சகோதரி. டிஸ்க்கும் நலமாக இருக்கலாம், மதர்போர்டும் நலமாக இருக்கலாம்.

ஒரு பாதை, இரண்டு பயணிகள்

மதர்போர்டில் தகவல் போய்வரும் பாதைகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. இணைப்பு வாய்கள் அதைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே தயாரிப்பாளர்கள் சில பாதைகளை இரண்டு வாய்களுக்குப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி. ஏறியதும், அதே பாதையில் இருக்கும் ஒன்றிரண்டு சாட்டா வாய்கள் தாமாகவே அடைபட்டுவிடும். பல மதர்போர்ட்களில் இவை 5, 6 என்ற இலக்கமிட்ட வாய்களாக இருக்கும். சிலவற்றில், எம்.2 இடத்தில் சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யைப் போட்டால் மட்டும் இப்படி நடக்கும். பெட்டியோடு வந்த கையேட்டில் ஒரு சிறு அட்டவணையாக இது அச்சிடப்பட்டிருக்கும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும்.

இது பழைய நோய்தான்

1990களின் கணினிகளில் ஒவ்வொரு சாதனமும் செயலியை அழைக்க ஐ.ஆர்.க்யூ. எனப்படும் அழைப்புக் கம்பி ஒன்று தேவைப்பட்டது. 0 முதல் 15 வரை, மொத்தம் 16 மட்டுமே. காம் 1, காம் 3 ஆகிய இரு வாய்களுக்கும் வழக்கமாக ஒதுக்கப்பட்டது 4ஆம் கம்பி. ஒன்றில் மவுஸும் மற்றதில் மோடமும் இருந்தால், மோடம் பேசத் தொடங்கியதும் மவுஸ் உறைந்து நிற்கும். இரண்டுமே நல்ல சாதனங்கள்தாம், பாதைதான் ஒன்று. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, சாதனங்களைத் தானே அறிந்து இடம் ஒதுக்கும் முறையைப் பரவலாக்கியது. அதுவும் முழு நிவாரணமாகவில்லை. 1998 ஏப்ரல் 20ஆம் தேதி, சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, விண்டோஸ் 98இன் செயல்விளக்கத்தில் ஒரு ஸ்கேனரை இணைத்ததும் திரை நீலமாகிக் கணினி நின்றுபோனது. உருவாக்கியவர்களுக்கே நேர்ந்தது, உங்கள் மகனுக்கு நேர்ந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஆண்டுகளில் சுன்னாகத்துக்கு வேறு கவலை இருந்தது. மின் நிலையம் இருந்த ஊரே 1990 முதல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின்னரே அந்த இணைப்பு மீண்டும் வந்தது. ஆகவே பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய மூத்தவர்கள் அங்கே பல வீடுகளில் இல்லை. பிள்ளைகள் தாமாகவே கற்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பொறுமையாக ஒரு வழிமுறை சொன்னால் போதும்.

செய்ய வேண்டியவை

1. கணினியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

2. பழைய டிஸ்க்கின் தகவல் கேபிளை 1 அல்லது 2 என்று இலக்கமிட்ட சாட்டா வாய்க்கு மாற்றுங்கள். அவை அடைபடாதவைதாமா என்று முதலில் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கணினியை இயக்கி, விண்டோஸ் வருமுன் பயோஸ் திரைக்குச் சென்று டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. இல்லையென்றால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பெயர் திரும்பி வந்தால் பிணக்கு உறுதியாகிவிட்டது. அப்போதும் வராவிட்டால் வேறொரு தகவல் கேபிளைப் போட்டுப் பாருங்கள். பிறகு டிஸ்க்கைப் பழைய கணினியிலேயே மாட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

செய்யக் கூடாதவை மூன்று

டிஸ்க் தென்பட்டதும் விண்டோஸ் சில வேளை "இனிஷியலைஸ் செய்யவா?", "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். எதற்கும் சம்மதிக்காதீர்கள். வாப்பாவின் குரலை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு சொடுக்கில்தான்.

கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையாக இருந்தால், வேறொரு பவர் சப்ளையின் மின் கேபிளைப் போடாதீர்கள். முனை ஒன்றுபோல் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். நல்ல டிஸ்க்கும் எரிந்துபோகும்.

டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்ற சத்தம் வந்தால் மேலும் முயலாதீர்கள். உடனே நிறுத்தி, தகவல் மீட்கும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் கிடைத்துவிட்டால் முதல் வேலை, படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுப்பது. புதிய கணினியை அலங்கரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைக்காரர் பற்றி

நல்ல பாகங்கள் ஒன்றையொன்று அறியாமல் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். 2020 நவம்பரில் வந்த ஏஎம்டி ரைசன் 5000 செயலிகளைப் பழைய பி450 மதர்போர்டில் மாட்டினால் பொருந்தும்; ஆனால் பயோஸைப் புதுப்பிக்கும்வரை இயங்காது. அதற்கு முன் 2018இல் இதே போன்ற சிக்கல் வந்தபோது, பயோஸைப் புதுப்பித்துக்கொள்வதற்கென்றே அந்நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் செயலிகளை இரவலாகக் கொடுத்தது. அங்கே எந்தப் பாகமும் பழுதாகவில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுங்கள், அறியாமையால் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குத் தரும் படிப்பினை. கடைக்காரரின் நாணயத்தைப் பற்றி நாலு பேரிடம் பேசுமுன் கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படிப்பதும் அந்த விசாரணையில் அடங்கும். விசாரித்த பிறகு பழுது உண்மையென்று தெரிந்தால் பற்றுச்சீட்டுடன் சென்று உத்தரவாதப்படி மாற்றிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

புதுக் கணினி பூட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பாகங்களை வாங்குமுன் மதர்போர்டின் கையேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் மதர்போர்ட், செயலி, ஒரு ரேம், பவர் சப்ளை, திரை ஆகியவற்றோடு மட்டும் இயக்கிப் பார்க்கட்டும். அது ஓடினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். எந்தப் பாகம் சேர்ந்ததும் தகராறு தொடங்கியதோ, விசாரணையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதையே குற்றவாளி என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அதற்கு இடம் விட்டு ஒதுங்கியது எது என்றும் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.