கல்வித் தலைமைக்கு ஒரு டாக்டர் பட்டம்: அளக்க வேண்டியது எதை?

அமெரிக்காவில் பள்ளி முதல்வர்களும் கல்வி மாவட்ட அதிகாரிகளும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டாக்டர் பட்டம் ஒன்று உண்டு. எட்.டி. என்று பெயர். பி.எச்.டி. ஆராய்ச்சியாளரை உருவாக்குவதற்கு என்றால், எட்.டி. பள்ளிகளை நடத்துபவரை உருவாக்குவதற்கு. 1920-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஆனால் ஒரு எட்.டி. படிப்பு நல்ல படிப்பா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற கேள்விக்கு இன்னும் சரியான பதில் கிடைத்தபாடில்லை!

எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், வாங்கியவர்களுக்குத் திருப்தியா... பொதுவாகக் காட்டப்படும் கணக்குகள் இவைதான். எடுப்பது எளிது. ஆனால் இவை பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 20 பேர் சேர்கிறார்கள். 8 பேர் ஆய்வேட்டை முடிக்க முடியாமல் நடுவில் நின்றுவிடுகிறார்கள். மீதி 12 பேரிடம் கருத்துக் கேட்டால் 12 பேரும் 'அருமையான படிப்பு' என்கிறார்கள். அறிக்கையில் வருவது நூறு சதவீதத் திருப்தி! கட்டணமும் கட்டி, சில வருடங்களையும் இழந்த அந்த 8 பேரை யாரும் கேட்கவே இல்லை. பி.எச்.டி. மாணவர்களைப் பற்றி அமெரிக்கப் பட்டமேற்படிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு எடுத்து 2008-இல் வெளியிட்ட கணக்கில், பத்து ஆண்டுகளில் படிப்பை முடித்தவர்கள் ஏறக்குறைய 57 சதவீதம்தான். பி.எச்.டி.யிலேயே இந்த நிலை என்றால், பகலில் பள்ளி, இரவில் படிப்பு என்று ஓடுபவர்களின் பாடு எப்படி இருக்கும்?

இந்தப் படிப்புகளைப் பற்றிய கடுமையான விமர்சனம் வெளியிலிருந்து வரவில்லை. 2005-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவினே அதைச் செய்தார். கல்வித் தலைமைப் படிப்புகளில் பெரும்பாலானவை தரக்குறைவானவை, எட்.டி. பட்டத்தையே எடுத்துவிட்டு எம்.பி.ஏ. போன்ற ஒரு முதுகலைப் பட்டத்தை வைக்கலாம் என்பது அவர் முடிவு. கூடுதல் படிப்புக்குக் கூடுதல் சம்பளம் என்ற விதி இருப்பதால் ஆசிரியர்கள் பட்டத்தைத் தேடுகிறார்கள், பல்கலைக்கழகங்களோ அதைப் பணம் காய்க்கும் மரமாக்கிவிட்டன என்றும் அவர் காட்டினார். அதாவது, கொடுப்பவர் வாங்குபவர் இருவருமே திருப்தியாக இருக்கும்போதும் படிப்பு மோசமாக இருக்க முடியும்.

வெளியில் உள்ள தரவரிசையும் கைகொடுக்கவில்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கல்விப் பள்ளி 2022-இல் யு.எஸ். நியூஸ் தரவரிசையிலிருந்து தானே விலகிக்கொண்டது. டாக்டர் படிப்பில் எவ்வளவு கடுமையாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கணக்கில், பல ஆண்டுகளாக எட்.டி. மாணவர்களை விட்டுவிட்டு பி.எச்.டி. மாணவர்களை மட்டும் காட்டியிருந்தது தெரியவந்ததே காரணம். படிப்பின் தரத்தைக் காட்ட வேண்டிய அட்டவணையில் அந்தப் படிப்பின் மாணவர்களே இல்லை!

அப்படியானால் பட்டம் பெற்றவரின் பள்ளியில் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து அளந்துவிடலாமே என்று தோன்றும். அதில் நியாயமும் உண்டு. கிரிசம், எகலைட், லிண்ட்சே ஆகியோரின் 2021 ஆய்வறிக்கைப்படி, சராசரிக்குக் கீழான ஒரு முதல்வருக்குப் பதில் சராசரிக்கு மேலான ஒருவர் வந்தால், மாணவர்கள் ஓராண்டில் கணிதத்தில் 2.9 மாதங்களுக்கும் வாசிப்பில் 2.7 மாதங்களுக்கும் ஈடான கல்வியைக் கூடுதலாகப் பெறுகிறார்கள். ஆக, பணயத்தில் இருப்பது பிள்ளைகளின் படிப்பு.

ஆனால் மதிப்பெண் மட்டுமே அளவுகோலானால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா சாட்சி. அந்நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரி பெவர்லி ஹால், மதிப்பெண் உயர்வுக்காக 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது பெற்றார். 2011-இல் மாநில விசாரணை அறிக்கை வந்தது. ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44-இல் விடைத்தாள்கள் திருத்தப்பட்டிருந்தன, 178 பேருக்குத் தொடர்பு என்றது அறிக்கை. ஹால் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்கில் தன் மீதான விசாரணை நடக்கும் முன்பே 2015-இல் நோயால் இறந்துபோனார். 2009-இல் மதிப்பெண்ணை வைத்து அளந்திருந்தால், அவரை உருவாக்கிய படிப்புக்கு முதல் பரிசே கிடைத்திருக்கும்!

பிறகு எதைத்தான் அளப்பது? ஒரு எட்.டி. படிப்பு நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, சேர்ந்த எல்லோரும் கணக்கில் இருக்கிறார்களா? நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள், எவ்வளவு கட்டணம் கட்டிய பிறகு நின்றார்கள் என்பதும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, மாணவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை என்ன ஆயிற்று? 2007-இல் தொடங்கிய கார்னகி கல்வி டாக்டர் பட்டத் திட்டத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்விப் பள்ளிகள் உள்ளன. நூலகத்தில் தூங்கும் ஆய்வேட்டுக்குப் பதில், பணியிடத்தில் உள்ள ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் பட்டம் கொடுத்த பிறகு, மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தால்தான் அந்தக் கொள்கைக்கு அர்த்தம் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதைப் பற்றி ஆராய்ந்தாரா? இப்போது வருகிறார்களா?

மூன்றாவது, அவருக்குக் கீழே வேலை செய்யும் ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள்? படிப்பில் சேரும் முன் ஒரு முறை, முடித்த பின் ஒரு முறை கேட்க வேண்டும். தலைமை சரியில்லாத பள்ளியில் ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. ஆகவே எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்பதே ஒரு அளவுகோல்.

நான்காவது, அளப்பது யார்? தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனை யாரும் நம்புவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? கல்வி மாவட்டத்திலிருந்து ஒருவராவது கூட இருக்க வேண்டும்.

மதிப்பெண்ணும் இருக்கட்டும், ஒரு சாட்சியாக. தீர்ப்பு அதன் கையில் வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முதல்வர்கள் பள்ளி மாறுகிறார்கள், ஒரு வகுப்பில் இருப்பதோ பத்துப் பதினைந்து பேர், இதில் புள்ளிவிவரம் எப்படித் தேறும் என்பார்கள். தேறாதுதான். ஆனால் ஆயிரம் பேர் இருந்தால் கணினியில் கூட்டிக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பன்னிரண்டு பேர் என்றால் ஒவ்வொருவரின் பள்ளிக்கும் நேரில் போகலாமே! குறைவான எண்ணிக்கை இங்கே வசதிதான். செலவாகும், உண்மை. மாணவரிடம் வருடக்கணக்கில் கட்டணம் வாங்கும் படிப்பு, அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கக் கூடாதா?

பட்டமளிப்பு விழாவோடு பல்கலைக்கழகத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தின் கணக்கோ அதற்கு மறுநாள்தான் ஆரம்பம். அளவுகோலை அந்த மறுநாளிலிருந்து வைத்தால் போதும், எந்தப் படிப்பு நல்லது என்பது தானாகத் தெரிந்துவிடும்.