‘பக்தர்’ கிளைவ்: கதையைத் திருத்துங்கள்!

காஞ்சி வரதராஜப் பெருமாள் மார்பில் மகரகண்டி என்ற கழுத்தணி மின்னும்போதெல்லாம், “இது கிளைவ் துரை காணிக்கை” என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. பெருமாள் தீர்த்தம் நோயைத் தீர்த்ததால், கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவரான அந்தத் துரை பக்தராகிவிட்டாராம்! வழிகாட்டிகள் உருகுகிறார்கள், யூடியூப்காரர்கள் அதற்கு நாதஸ்வரமும் சேர்க்கிறார்கள். வெட்கக்கேடு.

நகையைக் கழற்றச் சொல்லவில்லை. பெருமாளுக்கு வந்தது பெருமாளுக்கே. ஆனால் அது ஆர்க்காட்டுக் கொள்ளையில் வந்த பங்கு என்றும் ஒரு கதை உண்டே, அது மட்டும் ஏன் மேடையேறுவதில்லை?

துரை இந்த ஊருக்கு வந்தது சேவிக்க அல்ல. 1751இல் ஆர்க்காடு முற்றுகை முடிந்த கையோடு, பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையாக்கி வைத்திருந்த காஞ்சிப் பெருங்கோயில் ஒன்றைப் பிடிக்க வந்தார். மதராசிலிருந்து பெரிய பீரங்கிகள் வரும்வரை காத்திருந்து மதிலைச் சுட்டார். பக்கத்தில் நின்ற பல்க்லி என்ற அதிகாரி குண்டடிபட்டு அங்கேயே விழுந்தார். பிரெஞ்சுப் படை இரவோடிரவாக நழுவியது. கோயில் மதிலுக்குப் பீரங்கி வைத்தவரைத்தான் பக்தர் என்கிறோம்.

பிறகு 1757இல் பிளாசிப் போர். அதன்பின் வங்காள நவாபாக்கிய மீர் ஜாபரிடம் வாங்கியது 2,34,000 பவுண்டு. 1761இல் ஷ்ரூஸ்பரி எம்.பி., 1762இல் பிரபு பட்டம், 1765இல் கும்பினிக்கு வங்காளத்தின் திவானி எனும் வரிவசூல் உரிமை. கும்பினி வேலை பார்த்த வில்லியம் போல்ட்ஸ் 1772இல் எழுதிய நூலில் ஒரு செய்தி இருக்கிறது: கிளைவ் ஆட்சியில் பட்டு நூல் சுற்றும் தொழிலாளிகளை அவ்வளவு வதைத்தார்களாம், கட்டாய வேலைக்குப் பயந்து தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. நம் காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குழியருகே போய் நின்று பாருங்கள். அறுந்த பாவு இழையை நெசவாளி எந்த விரலால் புரட்டி முடிச்சுப் போடுகிறார்?

கிளைவை அவர் நாட்டு நாடாளுமன்றமே 1773இல் கேள்வி கேட்டது (கடைசியில் நாட்டுக்குப் பெருந்தொண்டு செய்தார் என்று தீர்மானம் போட்டு விட்டுவிட்டது, அது வேறு கதை). வங்காளத்துக்கு அவர் போட்ட நாமம் போதாதென்று, நாம் அவர் நெற்றியிலும் ஒன்று சாத்துகிறோம்.

விழா மலர் அச்சிடுவோர் ‘பக்தர்’ என்ற சொல்லை நீக்க வேண்டும். வழிகாட்டிகளுக்கு 1751இன் பீரங்கிக் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தீர்த்தக் கதை செவிவழிக் கதைதான் என்று தெளிவாக எழுதிய பலகை ஒன்றைச் சுற்றுலாத் துறை சந்நிதித் தெருவில் நிறுத்தட்டும். வரும் வைகாசி கருட சேவைக்குள் இவை நடந்தாக வேண்டும்.