பியூஸில் பெருந்தன்மை வேண்டாம்!

வீட்டில் விளக்கு அணைந்ததும் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கையில் அகப்பட்ட தடிக் கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டு, "இனி ஜன்மத்துக்கும் போகாது!" என்று மார்தட்டும் ஆண்பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பியூஸ் போகாதுதான். வீடு போய்விடுமே!

சென்ற மாதம் எங்கள் காரிலும் அந்த நாடகம் நடக்க இருந்தது. மைத்துனர் பரிசளித்த டேஷ் காமிராவைப் பியூஸ் பெட்டியோடு இணைத்தோம். இரண்டாம் நாளே காமிரா கண்ணை மூடிக்கொண்டது. அதன் 3 ஆம்பியர் பியூஸ் எரிந்திருந்தது. "பதினைந்து போட்டுடலாம் சார், தொந்தரவே இருக்காது" என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன்.

குழந்தையோடு பின் ஸீட்டில் இருந்த என் மனைவி மட்டும், "ஏன் எரிந்தது என்று பார்க்காமல் பெரிதாகப் போடுவானேன்?" என்று கேட்டாள். பார்த்தோம். டாஷ்போர்டுக்கு அடியில், ஒரு தகட்டின் விளிம்பில் கம்பி நசுங்கி மேலுறை கிழிந்திருந்தது. பெரிய பியூஸாக இருந்தால், கம்பி பழுக்கும் வரை அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கும்!

பியூஸ் காவல் காப்பது காமிராவை அல்ல, கம்பியை. காமிரா இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள்தான். அதன் கம்பியும் மெல்லியது. ஆகவே, காமிராவுடன் வந்த புத்தகத்தில் 2, 3, 5 என்று என்ன போட்டிருக்கிறதோ அதே ஆம்பியர்தான். அதற்கு மேல் கூடாது.

ஆம்பியரைக் காமிரா சொல்லும். உருவத்தைக் கார் சொல்லும். சாதாரண பிளேடு, மினி, கால் குட்டையான மினி, மைக்ரோ என்று பியூஸ்களில் பல ஜாதி. உங்கள் காரின் பியூஸ் ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே உருவத்தில் 'பியூஸ் டாப்' கேளுங்கள். அதில் இரண்டு பொந்துகள் உண்டு: ஒன்றில் காரின் பழைய பியூஸ், மற்றதில் காமிராவின் புது பியூஸ். பொருந்தாததை அழுத்திச் செருகினால் உள்ளே பிடிப்பு தளரும். தளர்ந்த இடம் சூடாகும்.

ஏர்பேக், பிரேக், எஞ்சின் ஆகியவற்றின் பியூஸ்களைத் தொடவே வேண்டாம். ரேடியோ, சார்ஜர் போன்றவற்றின் இடமே உத்தமம். நிறுத்திய காரிலும் காமிரா விழித்திருக்க வேண்டுமானால் ஒரு கம்பி, சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அப்போது, பாட்டரி இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும் இணைப்புப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் காலையில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

இப்போது எங்கள் காரில் புதுக் கம்பி, பழையபடி 3 ஆம்பியர். உங்கள் வீட்டுக்காரரும் "கொஞ்சம் பெரிதாகவே போடலாமே" என்றால், என் மனைவி கேட்ட கேள்வியையே கேளுங்கள். பதில் அவரிடம் இருக்காது, என்னிடமும் இருக்கவில்லை!