மூன்று மாதக் குடித்தனம்

சென்னையில் வாடகை வீடு என்றால் நமக்குப் பழகிய கணக்கு ஒன்றுதான். பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாத அக்ரிமென்ட், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். நாலு சுவரும் மின்விசிறியும் வீட்டுக்காரர் தருவார். மீதியை நாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இந்தக் கணக்கில் அடங்காத ஒரு கூட்டம் இப்போது எல்லாப் பேட்டையிலும் கண்ணில் படுகிறது. இரண்டு மாதம் இருப்பார்கள், மிஞ்சினால் ஆறு மாதம். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குக்கர் எல்லாம் வீட்டிலேயே இருக்க வேண்டும். பெட்டியோடு வந்து பெட்டியோடு போவார்கள்.

ஓ.எம்.ஆர். கம்பெனிக்கு புராஜெக்ட் வேலையாக வந்தவர், மாற்றலாகி வந்து நிரந்தர வீடு தேடுபவர், மகளின் பிரசவத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த தாய் தகப்பன் என்று பலர் இதில் உண்டு. இவர்களையெல்லாம்விட நாம் முதலில் நினைக்க வேண்டியவர்கள் நோயாளியோடு வந்த குடும்பங்கள். கீமோ 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு முறை என்று டாக்டர் எழுதினால் நாலு மாதம் ஓடிவிடும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், அது ஆறேழு வாரம் நீளலாம். சிறுநீரகம் மாற்றியவரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, 'கொஞ்ச மாதம் பக்கத்திலேயே இருங்கள்' என்பார்கள். கிரீம்ஸ் ரோடு, அடையாறு பக்கத்துத் தெருக்களில் இப்படித் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். வேலூரில் இது பல காலத்துக் கதை. சி.எம்.சி. மருத்துவமனை எதிரே கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியதே அப்படி வந்து தங்குபவர்களால்தான்.

இவர்களுக்கு லாட்ஜ் சரிப்படாது. நோயாளிக்கு உப்புக் குறைத்து, காரம் குறைத்து, சுடச்சுடச் சமைக்க வேண்டும். வெளிச் சாப்பாடு கூடாது என்று டாக்டரே சொல்லியிருப்பார். சர்வீஸ் அப்பார்ட்மென்டில் நாள் கணக்கில் வாடகை கட்டினால், மருந்துக்கு வைத்திருந்த பணம் அறைக்கே போய்விடும். ஆக, மாத வாடகைக்கு ஃபர்னிஷ்ட் ஃபிளாட் தேடுகிறார்கள். அங்கே அவர்களை வரவேற்பது விசாரணை. "எத்தனை பேர் இருப்பீங்க? நான்வெஜ் செய்வீங்களா? என்ன வியாதிங்க, ஒட்டிக்கிற வியாதியா?" கடைசிக் கேள்வியைக் கூசாமல் கேட்கும் அசோசியேஷன் செயலாளர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும்போலிருக்கிறது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் பேசியாக வேண்டும். ஒரு ஃபிளாட் வெறுமனே விட்டால் மாதம் 25,000 ரூபாய், சாமான்களோடு விட்டால் 40,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் கையில் வருவது 4 லட்சம். வெறும் வீட்டுக்கு 3 லட்சம். மிச்சமான அந்த ஒரு லட்சத்தில் இன்டர்நெட், ஏ.சி. சர்வீஸ், கிழிந்த மெத்தை, அசோசியேஷனுக்கு மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போதெல்லாம் வீட்டைக் கழுவ ஆள் கூலி எல்லாம் போக வேண்டும். குடும்பத்துக்குக் குடும்பம் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்று போனால், வெறும் வீடே மேல் என்று ஆகிவிடும். யூடியூபில் 'இரண்டு மடங்கு வருமானம்' என்று ஆசை காட்டுபவர்கள் இந்தச் செலவுக் கணக்கை ஏனோ சொல்வதில்லை. கூடுதல் வாடகை கேட்பது தப்பே இல்லை. சாமான் தேய்கிறது, காலி மாதம் கடிக்கிறது.

நாம் குறை சொல்வது வேறொன்றை. வாடகையை லாட்ஜ்போல வாங்குகிறார்கள், அட்வான்ஸை வீடுபோலக் கேட்கிறார்கள், அக்ரிமென்ட் என்று வரும்போது மட்டும் 'மூணு மாசத்துக்கு எதுக்குங்க பேப்பர்?' என்கிறார்கள்.

பேப்பர் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க வந்த வழக்கம்தான் பதினொரு மாத அக்ரிமென்ட். அதை வைத்துக் குறுகிய காலத்துக்கு எதுவுமே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடவே கூடாது என்கிறது. அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளை வெளியேற்றவும் கூடாது. இதையெல்லாம் அறிந்த வீட்டுக்காரரும் குறைவு, குடித்தனக்காரரும் குறைவு. அரசு தன் பங்குக்கு, மூன்று மாத ஒப்பந்தத்தை ஒரே நாளில் பதிந்து எண் தரும் எளிய வழி ஒன்றை ஏற்படுத்தலாம். பதிவு முடிவதற்குள் குடித்தனமே முடிந்துவிடும் என்றால் யார் பதிய வருவார்கள்?

எழுத்தில் இருப்பது வீட்டுக்காரருக்கும் காவல்தான். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றது நினைவிருக்கும். அதன் பிறகே குடித்தனக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு சென்னையில் வந்தது. மூன்று மாதம்தானே என்று அதை விட்டுவிடுபவர்கள் பலர். தங்குபவர் வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விசாவில் வந்த நோயாளிக்கும் அதுதான் விதி. உரிமையாளரே வெளிநாட்டில் இருந்தால் குடித்தனக்காரர் தலையில் ஒரு பாரம் விழுகிறது. வாடகையில் 30 சதவீதத்துக்கு மேல் வரியாகப் பிடித்து அவர்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாத உரிமையாளரை என்னவென்று சொல்வது?

பெரிய சட்டங்களைவிட அதிகச் சண்டை மூட்டுவது ஈ.பி. பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு; யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். நடுவில் ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வந்தால், முந்தையவர் ஏ.சி. ஓட்டியதற்குப் பிந்தையவர் உயர்ந்த ரேட்டில் கட்டுகிறார். வந்த அன்றும் போகிற அன்றும் மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டால், யார் எவ்வளவு எரித்தார் என்பதாவது தெரிந்துவிடும். ரேட் கூடுவதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அக்ரிமென்டிலேயே எழுதிவிடலாம். சாமான்களுக்கும் அப்படியே. கட்டில் இரண்டு, குக்கர் ஒன்று, அதன் கைப்பிடி ஏற்கெனவே உடைந்தது என்பதுவரை பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பட்டியல் இல்லாத வீட்டில்தான் நாலு வருஷத்துக்கு முன் விழுந்த சோபா கறைக்கு நேற்று வந்தவர் பணம் கட்டுகிறார். காலி சிலிண்டரை யார் நிரப்புவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸ் ஒரு மாத வாடகை போதும் என்பது நம் கட்சி. மூன்று மாதம் தங்குபவரிடம் ஒரு மாதப் பணம் கையில் இருந்தால் எந்த வீட்டுக்காரருக்கும் அது போதிய பாதுகாப்புதான். புரோக்கர்களும் மூன்று மாதக் குடித்தனத்துக்கு ஒரு மாத வாடகை கேட்பதை நிறுத்த வேண்டும். அரை மாதம் வாங்கினாலே நல்ல கூலி.

வீட்டுக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போகிறவர் கொல்கத்தாவுக்கோ குவாஹாட்டிக்கோ ரயிலேறப் போகிறவர். பாக்கிப் பணத்துக்காக அவர் திரும்பி வர முடியாது, வழக்குப் போடவும் மாட்டார். அது உங்களுக்கும் தெரியும். 'அக்கவுன்ட் நம்பர் கொடுத்துட்டுப் போங்க, அடுத்த மாசம் போட்டுவிடறேன்' என்று சொல்லாதீர்கள். சாமானைச் சரிபாருங்கள், மீட்டரைப் பாருங்கள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியை வாங்கும் அன்றே மீதி அட்வான்ஸை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.