ராணிப்பேட்டைக் குரோமியம்: தாமதமும் ஒரு மாசுதான்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,



ராணிப்பேட்டை சிப்காட்டில், மூடிக்கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை வளாகத்துக் குரோமியக் கழிவைப் பற்றியது இந்த மடல். தங்களுக்கு இது புதிய செய்தியல்ல. தங்களுக்கு முன்பிருந்த தலைவர்கள் பலரின் மேசையிலும் இந்தக் கோப்பு இருந்திருக்கிறது. ஆய்வுகள் நடந்தன, திட்ட அறிக்கைகள் வந்தன, வழக்குகளும் நடந்தன. இருந்தும் முப்பது ஆண்டு இழுத்ததற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். என்றோ நடந்து முடிந்த ஒரு தவறின் மிச்சம்தானே, நிதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடே இந்தக் குவியல் கையாளப்பட்டிருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. நின்றது ஆலை மட்டுமே. மாசுபடுத்தும் வேலை ஒருநாளும் நிற்கவில்லை.

1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலை அது. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர்விட்டு அலசி, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரிப்பார்கள். எவ்வளவு அலசினாலும் சக்கையில் கொஞ்சம் குரோமியம் தங்கிவிடும். அதுவும் ஆறு இணைதிறன் கொண்ட, ஹெக்ஸாவேலன்ட் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் வகை. அப்படிப்பட்ட சக்கைதான் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் திறந்தவெளியில் கொட்டப்பட்டது.

குரோமியத்தில் மூன்று இணைதிறன் வகை தண்ணீரில் எளிதில் கரையாது. பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் வகையோ கரையும், நீரோடு நகரும். மூச்சில் கலந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து, முதல் பிரிவில் வைத்திருக்கும் நஞ்சு அது. தோலில் ஆறாத புண்ணையும், தூசியாகச் சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையையும் உண்டாக்கக்கூடியது.

ஆலை ஓடிய நாளில் சக்கையை அலசியது தொழிலாளியின் கை. இப்போது அதே வேலையை வடகிழக்குப் பருவமழை செய்கிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் குவியலுக்குள் இறங்கும் நீர் புதிதாகக் கொஞ்சம் குரோமியத்தைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குப் போகிறது, அல்லது மஞ்சள் நிறத்தில் வாய்க்காலில் வழிகிறது. புளியங்கண்ணு, மணியம்பட்டு, வானாபாடி, காரை என்று சுற்றியுள்ள ஊர்களெல்லாம் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. போன ஆண்டு மழையில் இறங்கியது 1990களின் மாசு அல்ல, போன ஆண்டின் மாசு. அதற்குப் பொறுப்பு மூடிய கம்பெனி மட்டுமல்ல. அந்த மழைக்கு முன்பு குவியலை மூடாமல் விட்டவர்களும்தான்.

இதைக் கொடைக்கானலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2001இல் அங்கே பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை அதே ஆண்டில் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் சண்டை அதன்பிறகும் நீண்டது. ஆனால் சண்டைபோட எதிரில் ஒரு கம்பெனி இருந்தது. ராணிப்பேட்டையில் அப்படி யாரும் இல்லை. வாசலில் நின்று கேள்வி கேட்க உயிரோடு நிறுவனம் இல்லாததால், குவியலும் யாருடைய அவசரமாகவும் ஆகவில்லை. பொறுப்பாளி காணாமல் போன இடத்தில் அரசின் கடமை கூடத்தான் வேண்டும். இங்கே அது குறைந்துவிட்டது.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய தீர்ப்பு இதே மண்ணிலிருந்து பிறந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அதை வழங்கியது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டு, 547 தோல் தொழிற்சாலைகள் இழப்பீடு தர வேண்டும் என்றது. கணக்கில் எடுத்துக்கொண்ட காலம் 1998 டிசம்பர் வரைதான். அந்தத் தேதியோடு கிணற்று நீர் தெளிந்துவிட்டதா என்ன?

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இதே விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்தது. ஒருமுறை பணம் கட்டியதோடு மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது, கெட்ட சூழல் மீளும்வரை அது தொடரும் என்பது அதன் சாரம். பொறுப்பைத் தேதியால் அளக்காமல் நிலத்தின் நிலையால் அளக்கச் சொல்கிறது நீதிமன்றம். நான் தங்களிடம் கேட்பதும் அதே அளவுகோலைத்தான்.

தோல் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. 1970களில் ஒன்றிய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலை அனுப்பச் சொன்னபோது குரோமியத்தின் பயன்பாடு பெருகியது. டாலர் நாட்டுக்கு வந்தது, சக்கை ஊரில் தங்கியது. இன்றும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு டேனரியில்தான் சோறு. அதன் ஆபத்தை முதலில் தாங்குபவர்களும் அவர்களே. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவைத் தேக்கிவைப்பது ஒரு தீர்வல்ல என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம். இன்று திரவக் கழிவே வெளியேறாத முறைக்கு நிலையங்கள் மாறியிருப்பது நல்லதுதான். ஆனால் நீரை ஆவியாக்கியபின் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டைமூட்டையாகக் கிடங்குகளில் ஏறுகிறது. அதற்கும் இப்போதே வழிசெய்யாவிட்டால் அடுத்த தலைமுறை இன்னொரு குவியலுக்காக இன்னொரு மடல் எழுத நேரும்.

இனி, சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறேன். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் தண்ணீரைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது வரம்பு பல மடங்கு தாண்டியிருக்கும். காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே ஜாக்கிரதையாக இருங்கள் என்று மக்களிடம் சொல்வதில் பொருளில்லை. சோதித்துச் சொல்ல வேண்டியது வாரியம். செடிகள் குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும் என்பது ஆறுதல். ஆனால் முள்ளங்கியிலும் கிழங்கிலும் நாம் உண்பதே வேர்ப்பகுதியை. கீரையை மண் ஒட்டியபடி பறிக்கிறோம். மாடு புல்லை மண்ணோடு சேர்த்தே மேய்கிறது. கிணற்றில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு தட்டில் உள்ளதை ஊகிக்க முடியாது. அதைத் தனியாக அளந்தாக வேண்டும்.

என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, முழுச் சீரமைப்புக்குக் காத்திராமல், வரும் பருவமழைக்கு முன்பே குவியலின்மேல் நீர்புகாத மூடாக்கு போடுங்கள். சுற்றிலும் மழைநீர் வடிகால் வெட்டுங்கள். கீழே பரவியிருக்கும் மாசு நீர் மேலும் நகராதபடி கிணறு வைத்து இறைத்துச் சுத்திகரியுங்கள். ஆறு இணைதிறன் குரோமியத்தை ஃபெரஸ் சல்பேட் கொண்டு மூன்று இணைதிறனுக்கு மாற்றலாம் என்பது வேதியியல் மாணவருக்கும் தெரியும். முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது, சுற்றியுள்ள ஊர்களின் கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஏரி நீரை மாதந்தோறும் சோதித்து, மொத்தக் குரோமியத்தையும் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் தனித்தனியே தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்புத் துறையோடும் வேளாண் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து அந்த நீரில் விளையும் கீரை, கிழங்கு, நெல், மாட்டுத் தீவனம், பால் ஆகியவற்றை உலோகங்களுக்காகச் சோதியுங்கள். முடிவு எப்படியிருந்தாலும் வெளியிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் உழவருக்கு நிம்மதி. இருந்தால் மாற்று நீரும் இழப்பீடும் அவருக்கு உரிமை. சோதிக்காமல் வதந்தியில் விடுவதால் விலை விழுவது அவர் விளைச்சலுக்குத்தான்.

நான்காவது, மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளையே அறிவித்திருக்கிறது. பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒன்றிய, மாநில அரசுகள் செலவை ஏற்க அதில் வழியிருக்கிறது. கம்பெனி இல்லை, காசு இல்லை என்ற பழைய பதில் இனி செல்லாது. அந்த விதிகளின்கீழ் ராணிப்பேட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த கட்டம் எப்போது என்பதை அறிவியுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால், பரிசீலனையில் உள்ளது என்ற வரி வேண்டாம். மூடாக்கு வேலை தொடங்கும் தேதியும், அது தவறினால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவியும் அதில் இருந்தால் போதும். இரண்டு வரிகளில் அடங்கிவிடும். முப்பது ஆண்டுகளில் வந்த அறிக்கைகள் எதிலும் எங்களுக்குக் கிடைக்காதவை அந்த இரண்டு வரிகள்தான்.

இப்படிக்கு,
பாலாற்றுப் படுகையின் குடிமகன் ஒருவன்