விரல் ஓடினால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்)

கல்லூரி விழாவில் கீபோர்டு வாசிப்பவனுக்கு எப்போது கைதட்டல் கிடைக்கிறது? விரல்கள் பறக்கும்போதுதான். சென்ற விழாவில் நானும் அப்படிக் கைதட்டல் வாங்கியவனே. எனவே குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பியானோவுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் எட்டு கிரேடுத் தேர்வுகளை நம் நாட்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஐந்து, ஆறாம் கிரேடை எட்டியவன் நடுவழிப் பயணி. சுரக்குறி படிப்பான், இரு கைகளும் ஒத்துழைக்கும். அந்தக் கட்டத்தில் அவனுக்கு வேகமான உருப்படிகளைவிட, உணர்ச்சி ததும்பும் நிதானமான உருப்படிகளே முதலில் தேவை என்பது என் துணிபு.

ஷோப்பான் 1839இல் வெளியிட்ட 24 பிரிலூடுகளில் நான்காவதைப் பாருங்கள். மொத்தமே 25 'பார்'. வலக்கை பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு சுரங்களில் நின்று ஏங்குகிறது. இடக்கை சீராகத் தட்டும் கார்டுகள் அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்குகின்றன. விரலுக்கு வேலை குறைவு. மனத்துக்கோ ஓய்வே இல்லை! 1849இல் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் ஒலித்ததும் இதுவே.

"கட்டையில் கமகம் ஏது? கமகமில்லாமல் பாவம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்கும் அது ஒரு காரணம். ஆனால் பியானோவின் பாவம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே ஒலி. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவியிலோ, கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்பச் சுத்தியல் கம்பியைத் தாக்கியது. மென்மை, வன்மை என்பதே அதன் பெயருக்குப் பொருள்.

இந்த இயற்பியல் எனக்கு வகுப்பறையில் புரியவில்லை. பெண்ணாடத்தில் எங்கள் வீட்டிலிருப்பது அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த பழைய கீபோர்டு. தடவினாலும் அடித்தாலும் ஒரே ஒலி. கரும்பு வெட்டிவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்திருக்கும் அப்பா ஒருநாள், "எல்லாம் ஒரே மாதிரி கேக்குதேடா" என்றார். பள்ளிக்கூடமே போகாத மனிதர்! அந்தக் குறையை மறைக்கத்தான் நான் வேகத்தில் புகுந்துகொண்டேன். பின்பு சிதம்பரத்தில் நண்பர் ஒருவர் வீட்டுப் பியானோவில் அந்த 25 பாரை வாசித்தபோது கை நடுங்கியது. அதுவரை நான் செய்தது தட்டச்சு.

ஆகவே மாணவர் மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அழுத்தத்தை உணரும் கட்டைகளும் மிதியும் கொண்ட கீபோர்டு ஒன்று நம் கல்லூரிக்கு வேண்டும். என்னைப் போல் வீட்டில் அது இல்லாதவர் மாலையில் ஒரு மணி நேரம் பழகலாம். போட்டி விதியில் நிதானமான உருப்படி ஒன்றையும் கட்டாயமாக்குங்கள்.

அடுத்த விழாவில் நான் பெயர் கொடுக்கப்போவது அந்த 25 பாருக்குத்தான். அப்பாவையும் அழைத்து வருவேன்.